நடுங்கும் கரங்களுக்கு நம் பங்கு
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில் அமர்ந்து வலையைச் சீர்செய்யும் பெரியவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்? பார்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய் அத்தகையது. மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் அது உண்டாகிறது. மாத்திரைகள் பல்லாண்டுகள் துணைநிற்கும். பின்னர் அவற்றின் பயன் சீராக இருப்பதில்லை.

அந்நிலையில் தகுதியுள்ள நோயாளிகளுக்குக் கைகொடுப்பது ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை. மெல்லிய மின்கம்பியை மூளையின் உட்பகுதியில் பதித்து, மார்பின் தோலுக்கடியில் வைக்கப்படும் சிறு கருவி வாயிலாக மின்துடிப்புகளை அனுப்புவர். இது நோயை வேரறுப்பதன்று. நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தணிப்பது.

இத்துறையில் நம் சென்னைக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1950-இல் டாக்டர் பி. இராமமூர்த்தி அவர்கள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்கள். அவர்களோடு பணியாற்றிய டாக்டர் டி.எஸ். கனகா அம்மையார், 1975-இலேயே மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, இந்தியாவில் இச்சிகிச்சைக்கு முன்னோடி எனப் போற்றப்பட்டார்கள். பிரான்சு நாட்டின் பெனாபிட் அவர்களின் பணி உலகப் புகழ் பெற்றது 1987-க்குப் பின்னரே. ஓய்வுக்குப் பிறகும் கனகா அம்மையார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அறக்கட்டளை அமைத்து, 2018-இல் மறையும் வரை எளியோர்க்குத் தொண்டாற்றினார்கள்.

அன்று நம் நகரில் தொடங்கிய சிகிச்சைக்கு இன்று நாம் வெளிநாட்டுக் கருவிகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். செலவு பல இலட்ச ரூபாய். மருத்துவ உதவி கோரி நம் ஜமாஅத்திற்கு இப்படியொரு மனு வந்தால், ஓராண்டு நிதி முழுவதையும் ஒருவருக்கே அளிக்க வேண்டியிருக்கும். ஆராய்ச்சி வளர்ந்து விலை குறைந்தாலன்றி இதற்கு விடிவில்லை.

ஏழைக் குமர்களின் திருமணமும் மாணவர் கட்டணமும் காத்திருக்க, ஆராய்ச்சிக்கு ஏன் பணம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒருவருக்கு அளிக்கும் உதவி அவரோடு முடிகிறது. ஆராய்ச்சிக்கு அளிப்பதோ நாம் காணாத தலைமுறைக்கும் சேர்கிறது. நமக்கு அண்மையிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தம்பதியர் நன்கொடையால் 2022-இல் மூளை ஆய்வு மையம் உருவானது. அம்மையம் 2024-இல் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்வெட்டுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்னும் பெயரில் உலகிற்கே இலவசமாக வழங்கியது. செல்வந்தர் செய்ததை நாம் செய்ய இயலாது. ஆனால் சிறுதொகையும் ஆண்டு தவறாது சேருமாயின் ஓர் ஆய்வு மாணவருக்கு உதவும்.

ஆகவே இரு வேண்டுகோள்கள். ஒன்று, ஜகாத் நிதியைத் தொடாமல், பொது நன்கொடையில் ஒரு சிறு பங்கை நரம்பியல் ஆராய்ச்சிக்கென ஒதுக்குவது பற்றிப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். மற்றொன்று, வலிப்பு நோயைப் பேய், ஜின் என்று கூறி மறைக்காதீர்கள். பெண்பிள்ளைக்குத் திருமணம் தடைபடுமென அஞ்சி மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முறையாக மருந்துண்போரில் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழ முடியும். அம்மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் நலமருள்வானாக. வஸ்ஸலாம்.