தண்ணீர்ப் பந்தலில் என்ன வார்ப்போம்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இளைஞர் பகுதியைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பிலே கச்சான் காற்று வீசத் தொடங்கும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பெய்து தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு அனலாகி நம்மிடம் வந்து சேரும் காற்று அது. அக்காலத்திலேதான் நம் வயல் வட்டைகளிலே சிறுபோக வேலை நடக்கின்றது. அக்காலத்திலேதான் செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட கதிர்காம யாத்திரிகர் வெருகலைக் கடந்து நம்மூர் வழியே தெற்கு நோக்கிச் செல்கின்றனர். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்திலே மக்கள் திரள்வதும் அந்த வெயிலிலேதான். ஆகவே தண்ணீர்ப் பந்தலைப் பற்றி இன்று பேசுவது காலத்துக்கு ஏற்றதென எண்ணுகிறேன்.

தண்ணீர்ப் பந்தல் நமக்குப் புதியதன்று. திங்களூரிலே அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனார் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். நான் கற்றது மிஷன் பாடசாலை ஒன்றில். தாகமுற்றவனுக்குக் கொடுத்த தண்ணீர் இறைவனுக்கே கொடுத்ததாகும் என்னும் கருத்தை அங்கும் கேட்டிருக்கிறேன். ஆகவே தருமத்தைப் பற்றி இரண்டு கருத்து இல்லை. பந்தலிலே என்ன வார்ப்பது என்பதே கேள்வி. மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் வார்த்த இடத்திலே, இன்று பல பந்தல்களில் நிறமூட்டிய சீனிப் பானமும், போத்தற் சோடாவும் வார்க்கப்படுகின்றன. கொடுப்பவர் அன்போடு கொடுக்கின்றார். குடிப்பவர் மகிழ்வோடு குடிக்கின்றார். ஆயினும், நடந்து களைத்த உடம்பு கேட்டது அதுதானா என்று நாம் ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

முதலிலே, உடம்பு இழப்பது என்ன என்று காண்போம். நம் உடம்பின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகைச் சதமவளவில் நிற்கவேண்டும். வெயிலில் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் உடம்பு சூடேறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றவே வியர்வை சுரக்கிறது. வியர்வை ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. வாவி சூழ்ந்த புளியந்தீவு போன்ற இடங்களில் காற்றிலே ஈரம் மிகுந்த நாட்களில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. சட்டை நனைகின்றதேயன்றி உடம்பு குளிர்வதில்லை. உடம்போ மேலும் மேலும் வியர்க்கின்றது. கடுமையாக வேலை செய்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் வியர்வையையும், சில வேளை அதற்கு மேலும் இழப்பதுண்டு.

வியர்வையை நாவால் தொட்டவர் அது உப்புக் கரிப்பதை அறிவர். ஆளுக்கு ஆள் வேறுபடினும், ஒரு லீற்றர் வியர்வையிலே ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது. அஃதாவது இரண்டரைக் கிராம் உப்பு. பொற்றாசியமும் சிறிதளவு போகிறது. விஞ்ஞானிகள் இவற்றை மின்பகுபொருள்கள் என்பர். நரம்பிலே செய்தி ஓடுவதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் ஒழுங்காகத் துடிப்பதும் இவற்றின் சமநிலையால்தான். ஆகவே இழந்தது நீர் மட்டுமன்று, நீரும் உப்பும்.

அப்படியானால் தண்ணீரை வேண்டியமட்டும் குடித்துவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவருக்குத் தண்ணீரே போதும். சோற்றிலும் கறியிலும் உள்ள உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மணிக்கணக்காக வியர்த்துக்கொண்டு, ஒன்றும் உண்ணாமல், வெறுந் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பொஸ்டன் நகர நெடுந்தூர ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேரிடம் சோடியம் குறைந்திருக்கக் கண்டனர். ஓடும்போது மிகையாகக் குடித்தவரே அவர்களுட் பெரும்பாலோர். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று தொடங்கும் இக்கேடு உயிரையும் கொண்டுபோகக் கூடியது. தண்ணீரும் அளவோடு என்பது இதனால் விளங்கும்.

இனிச் சீனிப் பானத்தைப் பார்ப்போம். கடையில் விற்கும் இனிப்புச் சோடாவில் 100 மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் அளவு சீனி இருப்பது வழக்கம். 400 மில்லிலீற்றர் போத்தலொன்றைக் குடித்தால் 40 கிராம் சீனி; தேக்கரண்டிக் கணக்கில் பத்து. வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஒரு போத்தலிலேயே அன்றைய கணக்கு முடியும் நிலைக்கு வந்துவிடுகிறது. இதனை மக்கள் அறியவேண்டும் என்றே 2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி வந்தது. தம்பிமாரே, போத்தலை வாங்கும்போது அந்த நிறத்தைப் பாருங்கள்.

சீனிக் கணக்கை விட்டுவிட்டாலும் வேறொரு குறையுண்டு. இப்பானங்களின் செறிவு நம் இரத்தத்தின் செறிவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இவ்வளவு செறிந்த பானம் குடலுக்குள் இறங்கியதும், உடம்பு அதை உறிஞ்சுவதற்கு முன்னே, அதை ஐதாக்குவதற்காக உடம்பிலிருந்தே நீர் குடலுக்குள் வருகின்றது. தாகத்துக்கு உதவி தாமதமாகின்றது. உப்போ அதில் மிகச் சொற்பம்.

இப்படிச் சொல்வதால் சீனி முற்றாக விலக்கத்தக்கது என்று கொள்ளவேண்டாம். மருந்தையும் கேட்டையும் பிரிப்பது அளவு. குடற்சுவரிலே குளுக்கோசும் சோடியமும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு உள்ளே செல்கின்றன என்று 1960இல் றொபேட் கிறேன் என்னும் விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். அவற்றின் பின்னே நீரும் செல்கின்றது. இந்த உண்மையின் மேல் எழுந்ததே வயிற்றோட்டத்துக்கு நாம் கொடுக்கும் உப்புக் கரைசல். இலங்கையில் ஜீவனி என்றால் எல்லாரும் அறிவர். 1971ஆம் ஆண்டு வங்காள தேசப் போரின்போது எல்லை கடந்து மேற்கு வங்கத்திலே பொங்காவ் முகாமில் தங்கிய அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் மருந்து தீர்ந்துவிட்டது. அப்பொழுது வைத்திய கலாநிதி திலீப் மகலநோபிஸ், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, மூன்றரைக் கிராம் உப்பு, இரண்டரைக் கிராம் அப்பச் சோடா என்னும் அளவிலே கலந்து, பெரிய பீப்பாய்களில் நிறைத்து, உறவினர் கையாலேயே நோயாளருக்குக் கொடுப்பித்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணம் நாலுக்குக் கீழே இறங்கியது. பெரியோர்களே, அதுவும் ஒரு தண்ணீர்ப் பந்தலே அன்றோ! அங்கே உயிர் காத்தது விலையுயர்ந்த மருந்தன்று. தண்ணீரும், உப்பும், சிறிது இனிப்பும், அளவும்.

இனி நம் வீட்டுப் பானங்களுக்கு வருவோம்.

முதலில் மோர். எருமைத் தயிருக்குப் பெயர் போன நாடு நம்முடையது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் விட்டுக் கடைந்து, லீற்றருக்குக் கால் தேக்கரண்டி உப்பிட்டு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டால், நீரும் சோடியமும் பொற்றாசியமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. வெயிலில் நடப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது இளநீரும் செவ்விளநீரும். இயற்கை மூடி வைத்த தூய பானம், சந்தேகமில்லை. ஆனால் இளநீரிலே பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையிலோ அதற்கு நேர்மாறு. ஆகவே நன்றாக வியர்த்தவர் இளநீரோடு உப்புள்ள ஏதேனும் உண்பது பொருத்தம். சிறுநீரக நோயுள்ளவர் வைத்தியரைக் கேளாமல் இளநீரை மிகுதியாகக் குடித்தலாகாது.

மூன்றாவது தேசிக்காய்த் தண்ணீர். சீனியைக் கொட்டாமல், ஒரு சிட்டிகை உப்போடு கலந்தால் நாவரட்சி போகும். குடிக்கவும் மனம் வரும். நாலாவது கஞ்சியும் பழஞ்சோற்றுத் தண்ணீரும். வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துப் பழஞ்சோற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயலுக்குப் போன நம் முன்னோரை நாகரிகம் அறியாதவர் என்று சிலர் எண்ணக்கூடும். அரிசிக் கஞ்சியில் உப்புச் சேர்த்த கரைசல் வயிற்றோட்டத்துக்கு நன்கு உதவுகிறது என்று டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1980களில் வைத்தியர்கள் ஆராய்ந்து கண்டனர். சோற்றின் மாப்பொருள் மெல்ல மெல்லக் குளுக்கோசாகி உப்பைக் கூட்டிச் செல்கின்றது.

எப்பொழுது, எவ்வளவு குடிப்பது? கடும் வெயிலில் வேலை செய்பவர் கால் மணிக்கு அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை குடிப்பது நன்று. மணிக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டவேண்டாம். சிறுநீர் இளம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதியளவு குடித்திருக்கிறோம்; கடுந்தேநீர் நிறமானால் குறைவு. வயது முதிர்ந்தோருக்குத் தாகம் மங்கித் தோன்றும். ஆகவே வீட்டிலுள்ள இளைஞர், "அப்பாச்சி, ஒரு வாய் குடியுங்கோ" என்று கேட்டுக் கொடுக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் உப்பைப் புகழ்ந்தேன் என்று எல்லாரும் உப்பள்ளிப் போடவேண்டாம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இரத்த அழுத்தமும், இதய நோயும், சிறுநீரக நோயும் உள்ளவர் தம் வைத்தியர் சொற்படியே நடக்கவேண்டும். மேலும், வெயிலில் நின்ற ஒருவர் உளறினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பப் பக்கவாதமாக இருக்கலாம். அப்பொழுது வாயில் எதையும் ஊற்றலாகாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவிக்கவேண்டும்.

சபையோரே, என் வேண்டுகோள் ஒன்றே. இவ்வாண்டு நம் சங்கம் இடும் தண்ணீர்ப் பந்தலில் சோடாவும் நிறப் பானமும் வேண்டாம். கொதித்தாறிய நீர் ஒரு பானை, உப்பிட்ட மோர் ஒரு பானை, தேசிக்காய்த் தண்ணீர் ஒரு பானை. உப்பு வேண்டாதவர் குடிக்க வெறும் நீர் இருக்கும். மோர் வெயிலிற் புளித்துவிடும் ஆதலால் சிறிது சிறிதாகக் கலக்கவேண்டும். உப்பைக் கையால் அள்ளாமல் கரண்டியால் அளக்கவேண்டும். குவளைகளை ஒவ்வொரு முறையும் கழுவவேண்டும். இப்பணிகளை இளைஞர் பகுதியார் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

"வந்தவருக்கு இனிப்பாகக் கொடுப்பதல்லவா மரியாதை?" என்று பெரியவர் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. அவர்கள் மனம் எனக்குத் தெரியும். இனிப்பை மடத்திலே அன்னதானத்தோடு கொடுப்போம். உகந்தையைத் தாண்டிக் கூமுனைக் காட்டுக்குள் நடக்கப்போகும் அடியாருக்கு நாவுக்கு இன்பத்தைவிடக் காலுக்கு வலிமை வேண்டும். அதைக் கொடுக்கும் பொருள் நம் அடுக்களையிலேயே இருக்கின்றது. விலையும் குறைவு. அதன் காரணத்தையும் இன்று விஞ்ஞானம் விளக்கிவிட்டது. இனிச் செய்யவேண்டியது செயலே.