தோலில் தோன்றும் அடையாளங்கள்
(குப்பனூர் மருத்துவ முகாமில் எங்கள் குழுவினர் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் அடிவாரத்தில் வயல் வேலை செய்கிறீர்கள். சிலர் மலையேறிக் காப்பித் தோட்டங்களுக்குப் போகிறீர்கள். ஒரே வீட்டாருக்கும் தோல் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்கு வறண்ட தோல், சிலருக்கு எண்ணெய் வழியும் தோல், பலருக்கு இரண்டும் கலந்த தோல். நிறமும் அப்படியே. நிறம் தரும் அணுக்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை உண்டாக்கும் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயிலின் தீங்கிலிருந்து காப்பதும் அதுவே. ஆகவே கறுத்த தோல் குறையுள்ள தோல் அல்ல.

மலைக்குளிரில் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். குளித்தபின் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அடிவாரத்து வெயிலிலும் வியர்வையிலும் படர்தாமரை வரும். வட்டமாக, ஓரம் தடித்து, அரிப்போடு பரவும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும். ஆனால் காளான் உள்ளே வளரும், பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்குகளில் கொப்புளம் கண்டால் அது சிரங்கு. நுண்ணிய பூச்சியால் வருவது. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் போட வேண்டும். துணிகளையும் படுக்கையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

இனி முக்கியமானதைச் சொல்கிறோம். தேமலில் நிறம் மங்கி மெல்லிய செதில் உதிரும். வெண்புள்ளி பால்போல் வெளுத்திருக்கும்; அது யாருக்கும் தொற்றாது. இவ்விரண்டிலும் தொடு உணர்ச்சி இருக்கும். மங்கிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அரிக்காது, வலிக்காது, ஆகையால்தான் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை என்பதை எடுத்துக்காட்டினார். வலி தெரியாததால் சூடும் வெட்டுக்காயமும் கவனிப்பின்றிப் புண்ணாகி விரல்களை அழிக்கின்றன. மரத்த கையோடு அடுப்பில் பாத்திரம் இறக்குகிற தாய்க்கு அது சுடுவதே தெரியாது.

2005-ல் தேசிய அளவில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நம் நாடு எட்டியது. ஆயினும் 2023-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 6 அல்லது 12 மாதம் உண்டால் குணமாகும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். ஆனால் முன்பே பட்டுப்போன நரம்பு முழுதும் திரும்புவது அரிது. நாள் தள்ளக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வீட்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள். படை இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் மறைக்க வேண்டாம், வெட்கப்பட வேண்டாம். உடனே அழைத்து வாருங்கள்.