எல்லை காணாத காட்டுவழி



வெளிமாநிலங்களில் வாழும் நம்மனோர்க்கு விடுமுறை என்றால் சொந்த ஊர், சுற்றத்தார் திருமணம், குலதெய்வ வழிபாடு என்று நாட்கள் கழிந்துவிடும். தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாமும் பல ஆண்டுகளை அவ்வாறே கழித்தோம். கடந்த டிசம்பரில் வழக்கத்தை மாற்றி, மனைவி மக்களுடன் பொள்ளாச்சியில் வாடகைக் கார் அமர்த்தி, தமிழ்நாடும் கேரளமும் கூடும் ஆனைமலைக் காடுகளில் மூன்று நாள் சென்றுவந்தோம்.

உள்ளத்தில் ஒரு கவலை இருந்தது. பத்து வயது மகளுக்குத் தமிழ் விளங்கும். ஆனால் விடை இந்தியில்தான் வரும். “நாம் எந்த ஊர்க்காரர், அப்பா?” என்று அவள் இந்தியில் கேட்டபோது நேரான விடை கூற இயலவில்லை.

முதல் நாள் பறம்பிக்குளம். இது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் வண்டியில் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழ்நாட்டு வழியாகவே சென்று சேர்கின்றனர். இங்குள்ள அணை இருப்பது கேரள மண்ணில். இயக்கிப் பேணுவது தமிழ்நாடு. 1970-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இந்நீர் கிழக்கே திரும்பிப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களை நனைக்கிறது. கன்னிமாரா என்னும் முதுபெருந் தேக்கையும் கண்டோம். ஏறத்தாழ 7 மீட்டர் சுற்றளவுள்ள அதனை வளைக்க நம் நால்வர் கைகளும் போதா என்று மகன் கணக்கிட்டான்.

மறுநாள் உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு சாலையில் ஏறினோம். சின்னாற்றைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். 1984-இல் சரணாலயமான இக்காடு மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால், பசுமையை எதிர்பார்த்த பிள்ளைகளை முள்மரங்களும் வறண்ட புதர்களுமே வரவேற்றன. நட்சத்திர ஆமையும் நரை அணிலும் இவ்வறண்ட காட்டின் செல்வங்கள். ஆற்றோரக் கிளையில் நீண்ட வால் தொங்கப் படுத்திருந்த நரை அணிலை மகளே முதலில் கண்டாள்.

சிறிது தொலைவில் ஒரு பெண்யானை கன்றுடன் சாலையில் நின்றது. விடுதிக்கு நேரமாகிறதென்று, ஹாரனை அழுத்தும்படி ஓட்டுநரிடம் சொன்னவர் நாமே. யானை காதுகளை விரித்து நம்மை நோக்கித் திரும்பியது. மனைவி பிள்ளைகளை இறுகப் பற்றிக்கொண்டார். பின்னால் வந்த ஜீப்பை ஒதுக்கி நிறுத்திய வனக்காவலர் ஒருவர், மெல்லப் பின்வாங்குமாறு கைகாட்டினார். இருபது நிமிடம் காத்திருந்தோம். யானை கன்றை முன்விட்டு ஆற்றை நோக்கி இறங்கிற்று. “இது அதன் வழி, ஐயா, குறுக்கே வந்தவர்கள் நாம்தாம்” என்றார் அவர். நாணித் தலைகுனிந்தோம்.

அவர் முதுவர் குடியினர். மதுரையிலிருந்து பிள்ளைகளையும் பொருள்களையும் முதுகில் சுமந்து முன்னோர் இம்மலை ஏறியதால் இப்பெயர் வந்தது என்பது அக்குடியில் வழிவழியாக வழங்கும் செய்தி. அவர் பேச்சில் மலையாளம் கலந்திருந்தும் தமிழோசை மறையவில்லை. வீட்டிலே பேசிப் பேசியே காத்த மொழி அது!

மகள் அவரிடம், “யானைக்குட்டி எங்கே போகுது, மாமா?” என்று தமிழில் கேட்டாள். “தண்ணீருக்குப் போகிறது, பாப்பா. ஆற்றுக்கு அப்பால் தமிழ்நாடு.” “அது யானைக்குத் தெரியுமா?” காவலர் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைக் கண்டோம். வரை என்பது மலை. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதன் மிகப்பெரிய கூட்டம் வாழ்வதோ இக்கேரள மலையில். மலையாளத்தாரும் அதனை வரையாடு என்றே அழைக்கின்றனர். இருக்குமிடம் வேறானாலும் பெயர் மாறவில்லை.

அன்பர்களே, இவ்வழியே செல்வீராயின் பொழுது சாயுமுன் காட்டைக் கடந்துவிடுங்கள்; ஹாரன் ஒலிக்காதீர்கள்; குரங்குகளுக்குத் தீனி எறியாதீர்கள். வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தை மூடுவது வழக்கம். அதனை அறிந்து புறப்படுங்கள்.

மகளின் கேள்விக்கு விடை இன்னும் கூறவில்லை. ஆயினும் தில்லி திரும்பியபின் இரவு உணவின்போது எங்கள் வீட்டில் தமிழே பேசுகிறோம். தொடக்கம் எளிதாக இல்லை. ஆனால் யானைக் கதையை அவள் ஒவ்வொரு முறையும் தமிழிலேயே சொல்கிறாள்.