பின்னடைவு என்னும் ஒற்றைச் சொல்

 

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் உலை அவிந்தால், அறிவிப்புப் பலகையில் 'தற்காலிகப் பின்னடைவு' என்று எழுதுவார் உளர். (அடைமொழி வடசொல் என்பது ஒருபுறம் கிடக்க.) தேர்தலில் தோற்ற கட்சிக்கும் பின்னடைவு, விலை வீழ்ந்த நெல்லுக்கும் பின்னடைவு. ஆங்கிலச் சொல்லொன்றுக்கு நேராக இதனைப் பற்றிக்கொண்ட செய்தித்தாள்கள் பிறவற்றை மறந்தே போயின.

பின்னடைவு நல்ல தமிழ்ச்சொல்லே. முன்சென்றவன் பின்னிடத்தை அடைவது அது. குறை சொல்லில் இல்லை. அதனையே எங்கும் ஒட்டும் சோம்பலில் உள்ளது. தடை பிறர் தடுப்பதால் வருவது. தொய்வு உள்ளிருந்தே வருவது. ஓடியது நின்றால் தேக்கம். இயங்கியது மடங்கினால் முடக்கம். வழியிடையே வந்துறுவது இடையூறு. கண்ணை இடுங்கச் செய்யும் துன்பம் இடுக்கண்; வள்ளுவர் 63ஆம் அதிகாரத்தை அச்சொல்லால் தொடங்கிப் பெயரிட்டார். 415ஆம் குறளில் வழுக்குநிலத்தை 'இழுக்கல்' என்றார். மழைநாளில் வரப்பில் நடக்கும் பொன்னேரி உழவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

பழவேற்காட்டு ஏரியின் வாயில் மணல் சேர்ந்து கடல்நீர் வரத்து அடைபடும்போது, 'தூர்ந்து போயிற்று' என்பதே வழக்கு. நோயும் மருந்தும் அச்சொல்லிலேயே உள. தூர்ந்ததைத் தூர்வார வேண்டும். 'ஏரிக்குப் பின்னடைவு' என்றால் எவர் மண்வெட்டி எடுப்பார்?

அவ்வேரிக்கு அப்பால் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 10-8-1979 அன்று ஏவப்பட்ட எசு.எல்.வி.-3 வங்கக் கடலில் வீழ்ந்தது. 18-7-1980 அன்று அடுத்த ஏவூர்தி உரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. முன்னையதற்கு ஏற்ற பெயர் இடறல். இடறியவன் எழுந்து நடப்பான் என்பது அச்சொல்லுக்குள் இருக்கிறது. தோல்வி என்பதில் இல்லை.

தொழிலாளிக்கோ, சொல் தவறினால் கூலியே தவறும். 1947ஆம் ஆண்டின் தொழிற்றகராறுச் சட்டம் மூன்றினை வேறுவேறாகப் பிரித்தது. நிலக்கரி, மின்னாற்றல், மூலப்பொருள் தட்டினாலோ, சரக்குக் குவிந்தாலோ, பொறி பழுதானாலோ வேலை தராமல் நிறுத்திவைத்தல் ஒன்று. அதற்கு, ஓராண்டுத் தொடர்பணி முடித்துப் பதிவேட்டில் பெயருள்ளவர்க்கு, அடிப்படைக் கூலியிலும் அகவிலைப்படியிலும் பாதி உண்டு. சிற்றாலைகளுக்கும் பருவகால ஆலைகளுக்கும் விலக்கு. ஆட்குறைப்பு மற்றொன்று. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 15 நாட்கூலியும் உண்டு. கதவடைப்பு மூன்றாவது, அங்கே, அடைத்தது முறையா முறைகேடா என்பதே வழக்கு. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பிலும் இவ்வேறுபாடு நிற்கிறது.

இம்மூன்றையும் 'பின்னடைவு' என்று ஒரே போர்வையால் மூடினால் ஆதாயம் யாருக்கு? ஆட்குறைப்பு என்றால் குறைத்தவன் ஒருவன் உளன். கதவடைப்பு என்றால் அடைத்தவன் ஒருவன் உளன். பின்னடைவுக்கோ செய்தவன் இல்லை. மழைபோல் தானே வந்ததாகத் தோன்றும். ஆகவே, வாயிற்கதவில் தாள் ஒட்டப்படும் நாளில், 'எப்பொழுது திறப்பீர்?' என்று கேட்குமுன், 'இதன் பெயர் என்ன?' என்று கேளுங்கள். அப்பெயரைத் தாளில் எழுதிக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள்.