வீட்டிலிருக்கும் முதியோருக்கு அரசு செலவில் பராமரிப்பு: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து ஒரு தலைமை உரை

வீட்டோடு இருக்கும் முதியவருக்கு அரசு செலவில் கிடைக்கும் உதவி தமிழ்நாட்டில் மூன்று துறைகளிலிருந்து வருகிறது. உதவித்தொகை வருவாய்த் துறை வழியாகவும், மருந்து மக்கள் நல்வாழ்வுத் துறை வழியாகவும், அரிசி கூட்டுறவுத் துறை வழியாகவும் வீடு சேர்கின்றன. மூன்றும் ஒரே வாசலுக்கு வந்தாலும், அவற்றுக்கான பயனாளிப் பட்டியல்கள் வேறு வேறு.

இவற்றில் மூத்தது உதவித்தொகை. 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், 1995 ஆகஸ்டு 15-ல் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் வந்த பிறகு இரு அரசுகளின் பொறுப்பாயிற்று. மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 வயது முதல் 500 ரூபாய். மீதியை மாநிலம் போடுகிறது. 2011-ல் 1,000 ஆன தொகை 2023-ல் 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். ஆதரவற்றவர் பிழைத்திருப்பதற்கான தொகை இது. படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

மருந்து வீட்டுக்கு வரத் தொடங்கியது 2021 ஆகஸ்டு 5-ல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டபோது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். நடக்க முடியாதவருக்கும் 45 வயதைக் கடந்தவருக்கும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார். அவருக்கு மேல் ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியரும் ஓர் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுவது, பக்கவாதத்தில் விழுந்த கையையும் காலையும் அசைத்துப் பழக்குவது, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் பைகளைக் கொண்டுசேர்ப்பது ஆகியவையும் இத்திட்டத்தில் அடங்கும். 2024-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. இந்திய அளவில் வைத்துப் பார்த்தால், வீட்டுக்குள் நுழைந்த பொது மருத்துவத்தில் இவ்வளவு விரிவானது அரிது என்று தயங்காமல் சொல்லலாம்.

2025 ஆகஸ்டு 12-ல் தாயுமானவர் திட்டம் வந்தது. ரேஷன் கடை ஊழியர் தராசும் விற்பனை இயந்திரமுமாக வண்டியில் வந்து, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் அளந்து கொடுக்கும் ஏற்பாடு அது. தொடங்கியபோது வயது வரம்பு 70, நாள் மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறு.

ஆக, பணமும் மாத்திரையும் அரிசியும் வாசல் வரை வருகின்றன. வராதது ஆள். கிழவியை எழுப்பி உட்கார வைக்க, குளிப்பாட்ட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க, கஞ்சி ஊட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலையை இன்றுவரை மகளோ மருமகளோதான் கூலியில்லாமல் செய்கிறார். இந்த உண்மை எல்லா மாவட்டங்களுக்கும் பொது. விருதுநகரில் மட்டும் அதற்கு வேறொரு கனம் உண்டு, ஏனென்றால் இங்கே அந்த மகள் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போகிறவர்.

சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கத்துக் கிராமங்களுக்குக் காலையிலேயே ஆலை வண்டி வந்துவிடும். பெரும்பாலான வேலைக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த ஒரு மணி நேரத்துச் சரம் போயிற்று, கூலியும் போயிற்று. மாமியாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கும் நாளின் விலை, மறைவாக இல்லாமல், வாரக் கடைசியில் கூலியை எண்ணும்போதே தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. வெடிமருந்து இருக்குமிடத்தில் செல்போனுக்கு அனுமதி கிடையாது. வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் தாய் வழுக்கி விழுந்தாலும், மகளுக்குச் சேதி எட்ட சாயங்காலம் ஆகலாம். பக்கத்து வீட்டாரின் காதுதான் அந்தப் பகல் முழுவதற்கும் காவல். முதியோர் நலம் பற்றிய அறிக்கைகளில் இந்த நடைமுறைச் சங்கடத்தை எங்கும் பார்க்க முடிவதில்லை.

தொழிலின் பருவமும் பராமரிப்பைப் பாதிக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கும். பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். வேலை நெருக்கும்போது வீட்டில் ஆளில்லை, ஆளிருக்கும்போது கையில் காசில்லை. பட்டாசில் சேர்க்கும் பேரியம் நைட்ரேட்டுக்கான தடை, 2018-க்குப் பிறகான பசுமைப் பட்டாசு விதிமுறைகள் ஆகியவை வேலைநாட்களைக் குறைத்தபோது, இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடியது.

முதியவரை உதவி பெறுபவராக மட்டுமே எண்ணுவது இம்மாவட்டத்துக்குப் பொருந்தாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் என ஒவ்வொரு பெரிய வெடிவிபத்துக்குப் பின்னும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தீக்காயத்தோடு பிழைத்த மகனைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கக்கூடும். அரசுப் பட்டியலில் இவர்கள் பயனாளிகள். வீட்டுக்குள் இவர்களே பராமரிப்பாளர்கள்.

கணக்குக்கு வரலாம். விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர் என்றால், ஒருவர் சராசரியாக ஏறத்தாழ 41 ஊராட்சிகளைச் சுற்றிவர வேண்டும். ஒரு நோயாளியை மாதம் ஒருமுறை பார்ப்பதே பெரிய காரியம். தினசரிப் பராமரிப்பை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. கேரளம் 2008-ல் கொண்டுவந்த நோய்த்தணிப்புக் கொள்கை இப்பொறுப்பை ஊராட்சியிடமே ஒப்படைத்தது. அங்கே ஊராட்சியின் பணத்தில் ஊராட்சிக்கெனச் செவிலியர் இருக்கிறார், அவரோடு உள்ளூர்த் தொண்டர்களும் போகிறார்கள். நிதியைவிட எல்லையைச் சிறிதாக்கியதே அங்கே பலன் தந்தது எனலாம். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 60-ஐக் கடந்தோர் 10.4 சதவீதம், 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்பது அரசின் தொழில்நுட்பக் குழுவின் மதிப்பீடு. ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற அளவு அதுவரை தாங்காது.

சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்ற பெயர் நெடுநாளாக உண்டு. பெரிய ஜப்பான் இச்சிக்கலை 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் மூலம் தீர்க்கப் பார்த்தது. 40 வயது முதல் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். முதியவரின் இயலாமையை நேரில் அளந்து, அந்த நிலைக்கு ஏற்ப வீட்டுக்கு உதவியாளரை அனுப்புகிறார்கள். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பெரும்பாலோர் கையிலிருந்து தருகிறார்கள். ஜெர்மனியில் 1995-லிருந்து நடக்கும் காப்பீடு இன்னொரு வழியையும் திறந்துவிட்டது: ஆள் வேண்டாம், மகளே பார்த்துக்கொள்கிறாள் என்றால் குடும்பத்துக்குப் பணம் தரும், அந்த மகளின் ஓய்வூதியக் கணக்கிலும் பணம் கட்டும். ஆஸ்திரேலியா 2025 நவம்பர் 1 முதல் தன் வீட்டுப் பராமரிப்பு நிதியைத் தேவையின் அளவுப்படி எட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. சந்தா பிடிக்கச் சம்பளப் பட்டியலே இல்லாத கூலித் தொழிலில் ஜப்பானிய முறை அப்படியே பொருந்தாது. இயலாமையை அளந்து உதவியைத் தீர்மானிக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் வயதையே பார்க்கும் நம் திட்டங்கள், எழுந்து நடமாடும் 75-ஐயும் படுக்கையில் கிடக்கும் 62-ஐயும் பிரித்தறிவதில்லை.

இதைத் தொடங்கப் பெரிய கட்டமைப்பு தேவையில்லை. வீடு வீடாகப் போகும் தன்னார்வலரே, படுக்கையிலிருந்து எழுதல், குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிவறைக்குப் போதல் ஆகிய ஐந்தைக் குறித்துக்கொண்டு வரலாம். ஆனால் அவர் பெறுவது சம்பளமன்று, ஊக்கத்தொகை. வேலையைக் கூட்டினால் அதைக் கூலியாக்கியே தீர வேண்டும். இக்கருத்தரங்கின் அமர்வுகள் விவாதித்து முடிவுகாண வேண்டியவை அதற்கடுத்த கேள்விகள்: அந்த ஐந்திலும் இயலாதவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆள் தருவது, அந்த ஆளை ஊராட்சி அமர்த்துவதா, சுகாதாரத் துறையா, மகளே பார்த்துக்கொள்ளும் வீட்டில் அவள் இழக்கும் கூலியில் எவ்வளவை ஈடு செய்வது, தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் நல வாரியம் அதில் எந்தப் பங்கை ஏற்பது, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் மட்டுமாவது ஆலைக் கிராமங்களில் பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்த முடியுமா. அளவில் சிறியது என்பதால், கடைசிக் கேள்விக்கான விடையை ஒரே ஒன்றியத்தில், ஒரே பருவத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.