ஓடும் வீட்டில் ஒளியும் குளிரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு நாட்களைக் கழிக்கும் எங்களைப் போன்றோர் மின்சாரத்தைப் பற்றி இம்மேடையில் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், "ஆடிப் பயணத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், நாளைக்குப் பிறர்க்குப் பயன்படும்" என்று செயலாளர் அன்போடு பணித்தார். அதனைத் தட்ட இயலாது வந்து நிற்கிறோம். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

மின்சாரம் மைசூர்த் தமிழர்க்குப் புதிதன்று. காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902-ஆம் ஆண்டு மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்திற்கு அனுப்பினார்கள். அச்சுரங்கத்தில் உழைத்தவர்களுள் நம்மவர் எத்தனை ஆயிரம் பேர்! ஓடும் வீடும் நமக்குப் புதிதன்று. 1979-இல் நம் நகரில் தொடங்கப்பெற்ற இரயில் அருங்காட்சியகத்தில், 1899-ஆம் ஆண்டின் மகாராணியார் சலூன் வண்டியைக் குழந்தைகளுக்குக் காட்டாதவர் நம்மில் யார்? சமையலறையும் உணவறையும் குளியலறையும் கொண்ட அவ்வண்டி தண்டவாளத்தில் ஓடிய வீடு. இன்று சாலையில் ஓடும் வீட்டைக் 'கேரவன்' என்கிறோம். திரைப்படக் கலைஞர்கட்கே உரியதாக இருந்த அதனை இப்போது சுற்றுலாவிற்கும் வாடகைக்குத் தருகின்றனர். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது.

சென்ற ஆடிப்பெருக்கிற்குப் பவானி கூடுதுறையில் நீராட விரும்பி, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இரு குடும்பத்தினர் எழுவர் அத்தகைய பழைய வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டோம். எழுவருள் ஒருவர் எழுபத்தாறு வயதான பெரியம்மா. நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். "குளிர்பெட்டி இருக்கிறதாமே, அப்படியானால் நானும் வருகிறேன்" என்று அவர் சொன்னதால்தான் அந்த வண்டியையே தேர்ந்தோம்.

சாமராஜநகரைக் கடந்து, ஆசனூர் வழியாகத் திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளையும் பகலிலேயே இறங்கி, பண்ணாரி அம்மனை வழிபட்டு, அருகே ஒரு சரிவான திடலில் வண்டியை நிறுத்தினோம். இரவு ஏழு மணிக்கு உள்விளக்குகள் மங்கின. நீர்க்குழாயின் பம்பு முனகியது. குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே சமையலறை அலமாரியின் வெப்பமே இருந்தது. பெரியம்மாவின் மருந்துக் குப்பிகள் மூன்றும் அதற்குள் இருந்தன.

வண்டிக்காரர்க்குத் தொலைபேசியில் சொன்னோம். "பெட்டி பழசு, அவ்வளவுதான்" என்று விடை வந்தது. எங்களுடன் வந்திருந்த இன்னொரு பெரியவர், இரயில் பெட்டிகளின் மின்பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்தார். "பழசென்று சொல்லிவிட்டால் பார்க்க வேண்டிய வேலை மிச்சமல்லவா தம்பி! முதலில் மருந்தைக் காப்பாற்றுவோம், பெட்டியைக் காலையில் பார்ப்போம்" என்றார்.

அவ்விதமே செய்தோம். கோயில் கடையில் சிறிதும் பெரிதுமாக இரண்டு மண்சட்டிகள் வாங்கினோம். பெரியதற்குள் மணலிட்டு, நடுவே சிறியதை வைத்து, மணலை நன்கு நனைத்தோம். குப்பிகளை ஈரம் புகாத டப்பாவில் இட்டு உட்சட்டியில் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்திக் காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. நம் பாட்டிமார் பானைத் தண்ணீரைக் குளிர வைத்ததும் இதே வழியில்தான். மருத்துவரையும் தொலைபேசியில் கேட்டோம். திறவாத குப்பிகளை 2 முதல் 8 பாகைச் செல்சியசில் வைக்க வேண்டும் என்றும், உறையவிடல் ஆகாது என்றும், திறந்து பயன்படுத்தும் குப்பி பெரும்பாலான வகைகளில் மிகு வெப்பமில்லாத அறையில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும் என்றும் அவர் சொன்னார். வகைக்கு வகை அளவு மாறும். குப்பியோடு வரும் தாளைப் படித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே பெரியம்மா கண்ணயர்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் பெரியவர் தம் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். இனி அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம்.

இத்தகைய வண்டியில் இரண்டு பாட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவது, மற்றொன்று வீட்டுக்குரியது. எஞ்சின் ஓடும்போது ஒரு ரிலே இரண்டையும் இணைக்கும். அப்போது வீட்டுப் பாட்டரிக்கும் மின்னேற்றம் நடக்கும். எஞ்சின் நின்றதும் இணைப்பு அறும். நம் பழைய இரயில் பெட்டிகளிலும் ஏறக்குறைய இதுவே ஏற்பாடு. சக்கரத்தின் அச்சு சுழல, பெல்ட் வழியாக டைனமோ சுழன்று பாட்டரியை நிரப்பும். வண்டி நின்றால் பாட்டரியே விளக்கெரிக்கும். நெடுநேரம் நிலையத்தில் நின்ற வண்டியில் விளக்கு மங்கியதை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர்.

பெரியவர் முதலில் வீட்டுப் பாட்டரியை அளந்தார். நிறைந்து ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பாட்டரி 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி தீர்ந்தது. 12-க்குக் கீழே போனால் வெறுமையை நெருங்கிவிட்டது என்று பொருள். எங்களது 11.6 காட்டியது.

"குளிர்பெட்டி எந்தச் சுவிட்சில் இருந்தது?" என்று கேட்டார். பாட்டரிச் சுவிட்சில் என்றோம். "வண்டி நின்ற பின்னுமா?" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். அவ்வகைப் பெட்டி பாட்டரியில் ஓடுகையில் சுமார் 150 வாட் இழுக்கும்; அதாவது பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல். 100 ஆம்பியர்-மணி பாட்டரியின் பாதி நான்கே மணி நேரத்தில் போய்விடும். எஞ்சின் நின்றால் அச்சுவிட்சை அணைத்துவிட வேண்டும். முதற்பிழை எங்களுடையதே.

ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. "மைசூரிலிருந்து இவ்வளவு தூரம் எஞ்சின் ஓடியிருக்கிறது. மின்னேற்றம் எங்கே போயிற்று?" என்று எஞ்சினைக் கிளப்பச் செய்தார். முன் பாட்டரி 14.1 காட்டியது; டைனமோ நலம். பின் பாட்டரி 11.8-க்கு மேல் ஏறவில்லை. பியூசைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலே 'டிக்' என்று ஒலித்து இணைந்தது. பிறகு அவர் செய்ததுதான் நாங்கள் அன்று கற்ற பாடம். மீட்டரின் ஒரு முனையை வீட்டுப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வைத்தார். அவ்விரண்டும் இணைந்தே இருப்பதால் அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டக்கூடாது. மீட்டரோ 2.2 காட்டியது.

"கணக்குப் போடு தம்பி, நீ எழுத்தர் அல்லவா!" என்றார். 11.8-உம் 2.2-உம் 14. மீதி 0.1 வோல்ட் ஒயரிலேயே செலவு. காணாமற்போன வோல்ட் முழுவதும் கணக்குக்கு வந்துவிட்டது. எதிர்முனை ஒயரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஒற்றைப் போல்ட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர்முனை ஒயரைக் கழற்றி, போல்ட்டையும் அது அமரும் இடத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வேசலின் பூசினோம். மீண்டும் எஞ்சினைக் கிளப்பியபோது பின் பாட்டரி சிறிது நேரத்தில் 13.4-க்கு ஏறியது. உப்புத்தாளின் விலையைத் தவிர வேறு செலவில்லை. பாட்டரி அறைகளில் நீர் குறைந்திருந்ததால் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றினோம். குழாய்த் தண்ணீர் ஊற்றலாகாது; பாட்டரி அருகே தீக்குச்சியும் கிழிக்கலாகாது.

அடுத்து குளிர்பெட்டி. எங்கள் வண்டியில் இருந்தது மோட்டார் இல்லாத வகை. இதனை 1922-இல் சுவீடன் நாட்டில் பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் கண்டுபிடித்தனர். இதில் வெப்பமே குளிரை உண்டாக்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். நீரில் கரைந்த அம்மோனியாவை அடியில் சூடாக்கினால், அம்மோனியா ஆவியாகி மேலே செல்லும். பின்புறக் குழாய்களில் வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பெட்டிக்குள் ஹைட்ரஜன் வாயுவோடு கலந்து மீண்டும் ஆவியாகும்போது உள்வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பின்னர் நீரில் கரைந்து பழைய இடத்துக்கு வரும். சூடு தருவது எரிவாயுவாகவோ, 12 வோல்ட்டாகவோ, 230 வோல்ட்டாகவோ இருக்கலாம்.

இச்சுற்றில் திரவத்தை நடத்துவது புவியீர்ப்பே ஆகையால், வண்டி சரிந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும். குளிர் நின்றுபோகும், பல மணி நேரம் அப்படியே சூடேற்றினால் குழாய் அடைத்துப் பெட்டியே பயனற்றதாகிவிடும். நாங்கள் நிறுத்தியதோ சரிவான திடல்! உறைதட்டின் மேல் ஒரு தட்டில் நீரூற்றிப் பார்த்தோம். ஒரு பக்கம் வழிந்தது. சக்கரத்தின் கீழ்ப் பலகைகள் இட்டு வண்டியைச் சமன் செய்தோம். பின்புறக் காற்றுச் சல்லடையைக் கழற்றினால், எவரோ திணித்த பழந்துணியும் குளவிக் கூடும் இருந்தன. வெப்பம் வெளியேற வழியில்லையேல் உள்ளே குளிர் ஏது? அவற்றை நீக்கினோம். அம்மோனியாவின் கடும் நெடியோ, பின்புறம் மஞ்சள் பொடியோ இருந்தால் குழாய் கசிகிறது என்று அறிந்து உடனே அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். நல்லவேளையாக அவை இல்லை.

மோட்டார் உள்ள வகைக்குச் சாய்வு அவ்வளவு தீங்கில்லை. அதன் எதிரி குறைந்த வோல்ட். மோட்டார் ஓட முயன்று முயன்று நின்றால், பெட்டியைக் குறை கூறுமுன் மோட்டார் ஓட முயலும் வேளையில் அதன் முனையிலேயே வோல்ட்டை அளக்க வேண்டும். மெல்லிய ஒயரும் தளர்ந்த இணைப்புமே பெரும்பாலும் காரணம்.

"எரிவாயுவில் ஓட்டினால் உடனே குளிருமே" என்று எங்களுள் ஒருவர் சொன்னார். உருளையின் ரப்பர்க் குழாய் வெடித்திருந்ததைப் பெரியவர் காட்டினார். 2023 ஆகஸ்டு 26 அதிகாலை, மதுரை நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த சமையல் வாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். கோயில்களைக் காணப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். இரயில்வே ஊழியர்களாகிய எங்களுக்கு அந்நாள் மறக்கவில்லை. உருளையை மூடியே வைத்தோம். 230 வோல்ட் வேலையையும் நாங்கள் தொடவில்லை. அது உரிமம் பெற்ற மின்பணியாளர்க்கு உரியது. வெளியிலிருந்து வண்டிக்கு மின்சாரம் எடுப்போர், எர்த்து உள்ள மூன்று முனைப் பிளக்கும், கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர்ச் சுவிட்சும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஓட, பெட்டி பாட்டரியில் இயங்க, பவானி சேர்ந்தோம். அங்கே உறவினர் வீட்டு மின்சாரத்தில் சமமாக நிறுத்தினோம். இவ்வகைப் பெட்டிக்குப் பொறுமை வேண்டும். குளிர ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலையில் தண்ணீர்க் குவளையில் வைத்த வெப்பமானி 7 பாகை காட்டியது. மண்சட்டியிலிருந்து குப்பிகளை எடுத்து உள்ளே வைத்த பெரியம்மா, "சட்டியைத் தூக்கி எறியாதீர்கள், திரும்பும்போதும் இருக்கட்டும்" என்றார். மறுநாள் பதினெட்டாம் பெருக்கு. கூடுதுறையில் அவர் மஞ்சளும் காதோலையும் இட்டு வணங்கிய காட்சி எங்கள் கண்முன்னே நிற்கிறது.

அன்பர்களே, அன்று அப்பெட்டியைப் பழையதென்று ஒதுக்கியிருந்தால், பாதி வழியில் ஊர் திரும்பியிருப்போம். பழுது பெட்டியிலே இல்லை. எங்கள் கவனக் குறைவிலும், ஒரு போல்ட்டிலும், சரிவான தரையிலும், ஒரு கந்தல் துணியிலும் இருந்தது. மின்சாரம் பிறக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக அளந்து வந்தால், பழுது தானே வந்து அகப்படும். மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். அளக்கும்போது போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் அளக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். நம் குடியிருப்பில் பணிமனை அனுபவம் உடைய மூத்தோர் பலர் ஓய்வில் இருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கூடத்தில் அவர்கள் அமர்ந்து, நம் பிள்ளைகளுக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். மீட்டர் ஒன்றை எங்கள் இரு குடும்பத்தின் காணிக்கையாக இன்று தலைவரிடம் அளிக்கிறோம். அந்தப் பெரியவர் முதல் வகுப்பை நடத்த இசைந்திருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டதால் சொல்லவில்லை, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.