மீண்டும் வரும் சொல்: டூ-வாப் பாடல்களும் ‘கூறியது கூறல்’ என்னும் குற்றமும்



தமிழ் வகுப்பில் ஒரு கட்டுரையைத் திருத்தும்போது ஒரே கருத்து இரண்டாம் முறை வந்தால் நம் சிவப்பு மைப் பேனா தானாகவே எழுந்துவிடுகிறது. ‘கூறியது கூறல்’ என்று ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். நன்னூலார் எண்ணிவைத்த பத்துக் குற்றங்களுள் அதுவும் ஒன்று என்பதால் நமக்குத் துணிவும் மிகுதி. பின்னர் வீட்டுக்குச் செல்லும் வழியில் பேருந்தில் ஒரு பாட்டைக் கேட்கிறோம். ஒரே அடி ஏழு முறை வருகிறது. எட்டாம் முறை வராதா என்று காத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டை நாம் நேர்கொண்டு பார்ப்பதில்லை. அதை நேரில் பார்த்துச் சண்டையிட்டவர்கள் இசைக்கலைஞர்கள். அச்சண்டைகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

1940களின் இறுதியிலும் 1950களிலும் நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய அமெரிக்க நகரங்களில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள் நால்வர் ஐவராகக் கூடித் தெருமுனைகளில் பாடினர். கருவி வாங்கப் பணம் இல்லை. எதிரொலி நன்றாக எழும் மாடிப்படிக்கட்டுகளையும் சுரங்க ரயில் நிலையங்களையும் பள்ளிக் கழிவறைகளையும் தேடிச் சென்றனர். ஒருவர் முன்னின்று பாடலைப் பாடுவார். மற்றவர்கள் பொருளற்ற அசைகளைக் குரல்களாலே அடுக்குவர். அடிக்குரல் பாடுபவர் பெருவீணை போன்ற டபுள் பேஸ் கருவியின் வேலையைத் தம் தொண்டையால் செய்வார். அந்த அசைகளே பின்னர் இவ்வகைப் பாட்டுக்கு ‘டூ-வாப்’ என்னும் பெயரையும் தந்தன. பாடியவர்கள் பாடிய காலத்தில் அப்பெயரை அறியார்; அது அச்சேறி நிலைத்தது 1960களில்தான்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. 1954இல் கார்ட்ஸ் என்னும் பிராங்க்ஸ் பகுதிக் குழு ‘ஷ்-பூம்’ என்ற பாடலை வெளியிட்டது. அதே ஆண்டில் ஸ்டான் ஃபிரீபெர்க் என்னும் நகைச்சுவைக் கலைஞர் அப்பாட்டைக் கேலி செய்து ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். சொல் புரியாதபடி முணுமுணுப்பதுதான் இவர்கள் கலை என்பது அந்தக் கேலியின் சாரம். 1957இல் ஃபிராங்க் சினாட்ரா ராக் அண்ட் ரோல் இசையை முழுதும் சாடி எழுதியபோது அவர் குறிவைத்த குற்றங்களுள் தலையாயது, அறிவற்ற திரும்பக் கூறல். ஸ்டீவ் ஆலன் என்னும் தொலைக்காட்சிப் புகழாளர் ஜீன் வின்சென்ட்டின் ‘பீ-பாப்-அ-லூலா’ பாடல் வரிகளைக் கவிதை போலப் பாவனை செய்து, இசையின்றி, முகத்தில் சிரிப்பின்றிப் படித்தார். அவையோர் சிரித்தனர். அது டூ-வாப் பாடலன்று; எனினும் கேலி இரண்டுக்கும் பொதுவானது.

ஆலன் செய்த அந்தச் சோதனை நேர்மையற்றது என்பது நம் கருத்து. பாட்டிலிருந்து இசையை உரித்துவிட்டு, மீந்ததைக் காட்டி ‘இதில் ஒன்றுமில்லை’ என்பது, தாலாட்டிலிருந்து தொட்டிலையும் குழந்தையையும் தாயின் குரலையும் நீக்கிவிட்டு, அசைகளை மட்டும் தாளில் எழுதித் திறனாய்வது போன்றது.

கேலி செய்தோரை விடவும் வலுவான வழக்கை முன்வைத்தவர் ஜெர்மானிய மெய்யியலாளர் தியோடோர் அடார்னோ. மக்கள் இசை பற்றி 1941இல் அவர் எழுதிய கட்டுரை டூ-வாப்புக்கு முந்தியது. ஆயினும் அதற்கும் அளந்து தைத்தது போலப் பொருந்துகிறது. தொழிற்சாலைப் பொருள்போல இப்பாடல்கள் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. ஒரு பாட்டின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் வேறுபாடு தெரியாது. கேட்பவர் தாம் முன்பே அறிந்ததை மீண்டும் அறிவதையே இன்பம் என்று மயங்குகிறார் என்பது அவர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. டூ-வாப் பாடல்களில் பெரும்பகுதி ஒரே நான்கு சுரக்கூட்டுகளின் சுழற்சி என்பது உண்மை. சி, ஏ மைனர், எஃப், ஜி, மீண்டும் சி. ஒரு பாட்டு வென்றவுடன் இசைத்தட்டு நிறுவனங்கள் அதே அச்சில் பல பாட்டுகளை வார்த்ததும் உண்மை. அவற்றுள் பலவற்றை இன்று கேட்க நமக்கும் பொறுமை இல்லை.

ஆனால் அந்த நான்கு சுரக்கூட்டுகள் ஏன் என்று கேட்டால் விடை வேறு திசையில் செல்கிறது. சி சுரக்கூட்டில் சி, ஈ, ஜி என மூன்று சுரங்கள். ஏ மைனரில் ஏ, சி, ஈ. இரண்டு சுரங்கள் பொது. எனவே மூவருள் இருவர் நின்ற இடத்திலேயே நிற்க, ஒருவர் மட்டும் ஒரு படி நகர்ந்தால் போதும். அடுத்து எஃப்: எஃப், ஏ, சி. மீண்டும் இரண்டு சுரங்கள் பொது. மீண்டும் ஒருவரே நகர்கிறார். ஜி வரும்போதுதான் மூவரும் நகர்கின்றனர். அந்த அசைவே கேட்பவர் நெஞ்சில் ‘வீடு திரும்ப வேண்டும்’ என்னும் ஏக்கத்தை எழுப்புகிறது. பியானோ இல்லை, சுரக்குறிப்புத் தாள் இல்லை, இசை கற்பிக்க ஆசிரியர் இல்லை. படிக்கட்டில் நிற்கும் நான்கு சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடறிவிழாமல் சேர்ந்து நடப்பதற்கு இதைவிட நல்ல பாதை எது? எளிமை இங்கே அறியாமையின் விளைவன்று. கருவியின்மைக்குக் கண்ட தீர்வு.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சுழற்சி தெருமுனையில் பிறந்ததும் அன்று. ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையமைத்து லாரன்ஸ் ஹார்ட் எழுதிய ‘புளூ மூன்’ 1934ஆம் ஆண்டுப் பாடல். ஹோகி கார்மைக்கேலின் ‘ஹார்ட் அண்ட் சோல்’ 1938ஆம் ஆண்டினது. பியானோ பழகும் பிள்ளைகள் இருவராய் அமர்ந்து தட்டுவார்களே, அதே பாட்டு. இவர்கள் பெயர்பெற்ற இசையமைப்பாளர்கள். அவர்கள் அச்சுழற்சியைப் பயன்படுத்தியபோது அது நயம் எனப்பட்டது. பிட்ஸ்பர்க் நகரத்து மார்செல்ஸ் குழு 1961இல் அதே ‘புளூ மூனை’ அடிக்குரலின் அசையடுக்கோடு தொடங்கிப் பாடி முதலிடம் பெற்றபோது, திரும்பக் கூறல் பற்றிய குறை கேட்டது. குறை சுரக்கூட்டைப் பற்றியது மட்டும்தானா என்று ஐயுற இடமிருக்கிறது.

மொழி மன்றத்தில் பேசுவதால் அசைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னணிக் குரல்கள் ஏன் சொற்களைப் பாடவில்லை? பாடியிருந்தால் முன்னணிக் குரலின் சொற்களோடு அவை மோதியிருக்கும். பொருள் ஒருவரிடம் இருக்கட்டும், ஒலி மற்றவர்களிடம் இருக்கட்டும் என்பது ஒரு வேலைப்பங்கீடு. அந்த ஒலிகளையும் நம் எழுத்திலக்கணக் கண்ணோடு நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தாளம் வேண்டிய இடத்தில் டகரமும் பகரமும் போன்ற வல்லொலிகள். அவை முரசின் வேலையைச் செய்கின்றன. நீட்சி வேண்டிய இடத்தில் ஊகாரமும் ஆகாரமும். பலர் குரல் ஒன்றாய்க் கலப்பதற்கு நெடில் உயிர் ஏற்றது. மெல்லினம் ரீங்காரத்துக்கு. செவியே ஆசிரியராக, இலக்கண நூல் எதையும் காணாத பிள்ளைகள் இவ்வளவும் கண்டறிந்தனர்.

நம் இலக்கணத்தார் இதனை அறியாதவர் அல்லர். ஒரு சொல் அடுக்கி வருவதற்குத் தொல்காப்பியர் கூறும் மூன்று காரணங்களுள் முதலாவது இசைநிறை. அதற்கு நான்கு முறை என எல்லையும் வகுக்கிறார். ‘கூறியது கூறல்’ குற்றம் என்ற அதே நன்னூலும் சொல்லதிகாரத்தில் இசைநிறைக்காக ஒரு சொல் நான்கு வரை அடுக்கலாம் என ஒப்புகிறது. இது முரணன்று. பத்துக் குற்றம் என்பது நூலுக்குச் சொன்னது, கருத்தைக் கற்பிக்கும் உரைநடைக்குச் சொன்னது. பாட்டுக்கு அது தீட்டிய கத்தியன்று. இரட்டைக்கிளவியோ பிரித்தால் பொருளே தராது. மீண்டும் வருவதே அதன் உயிர்.

திரும்பக் கூறல் மனத்தில் என்ன செய்கிறது என்பதை அண்மைக் கால உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். 1995இல் டயானா டாய்ச் என்னும் ஆய்வாளர் தாம் பதிவு செய்த உரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிறு தொடர் கருவியில் திரும்பத் திரும்ப ஒலித்தது. சில முறைகளுக்குப் பின் அது பேச்சாக ஒலிக்கவில்லை, பாட்டாக ஒலித்தது. ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது கேட்ட செவி. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ‘நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது’ என்று ஒரு மாணவர் இயல்பாகச் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து பத்து முறை ஒலிக்கவிடுங்கள். எல்லாத் தொடருக்கும் இது வாய்ப்பதில்லை. வாய்த்தால் வகுப்பு மகிழும். முதலில் பொருளைக் கேட்கும் மனம், பொருள் கிடைத்துவிட்டது என்று அமைதியுற்றபின், ஏற்ற இறக்கத்தைக் கேட்கத் தொடங்குகிறது.

எலிசபெத் மார்குலிஸ் என்பவர் ஒரு படி மேலே சென்றார். திரும்பக் கூறலை வேண்டுமென்றே விலக்கிய லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் ஆகிய நவீன இசையமைப்பாளர்களின் படைப்புகளை எடுத்து, கணினியால் சில பகுதிகள் மீண்டும் வருமாறு வெட்டி ஒட்டினார். கேட்டவர்கள் அந்த வெட்டி ஒட்டியவற்றையே அதிகம் விரும்பினர். இதனால் அவை மூலத்தைவிடச் சிறந்தவை என்று ஆகிவிடாது. விருப்பமும் மதிப்பும் ஒன்றல்ல என்று அடார்னோ உயிரோடு இருந்தால் சொல்வார். அதில் நியாயமும் உண்டு. ஆனால் மூன்றாம் முறை கேட்கும் செவி முதல் முறை கேட்ட செவியன்று என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

‘கெட் எ ஜாப்’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியாவின் சில்லவெட்ஸ் குழு பாடி 1958இல் முதலிடம் பெற்றது. பின்னணியில் ஓயாத அசையடுக்கு. முன்னணியில் வேலையற்ற ஒருவன். நாளிதழைப் புரட்டுகிறான், வேலை கிடைக்கவில்லை, வீட்டில் ஓயாத நச்சரிப்பு. இப்பாட்டில் திரும்பக் கூறலை நீக்கினால் என்ன மிஞ்சும்? நாள்தோறும் அதே கேள்வி, அதே ஏமாற்றம் என்பதைச் சொல்ல அதே ஒலியைத் திரும்பச் சொல்வதினும் சுருங்கிய வழி இல்லை. மக்கள் ஆடிக்கொண்டே கேட்டதால் அதிலிருந்த வறுமையைக் கவனிக்கவில்லை போலும்.

இசைக்கலைஞர்களுள் இதைக் கவனித்தவர்கள் இருந்தனர். சிக்கலான இசைக்குப் பெயர்பெற்ற ஃபிராங்க் ஸாப்பா, 1963இல் பென்குயின்ஸ் என்னும் பழைய டூ-வாப் குழுவுக்காக ஒரு பாடலை இணைந்து எழுதினார். 1968இல் தம் குழுவோடு முழு டூ-வாப் இசைத்தொகுப்பே வெளியிட்டார். அது அன்பா, கேலியா என்று அன்றும் கேட்டனர். இரண்டும்தான் என்பது நம் கணிப்பு. அத்தொகுப்பின் ஒரு பாட்டு மெல்லத் தேய்ந்து முடியும் இடத்தில் ஸ்திராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ இசைத் தொடக்கத்தைப் பின்னணிக் குரல்களுக்குள் ஒளித்து வைத்தார். அந்த எளிய சுழற்சி அதையும் தாங்கிக்கொண்டது.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1960களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கித்தார்க் குழுக்கள் வளர்த்த மலாய் இசைக்கு ‘பாப் யே யே’ என்று பெயர். பீட்டில்ஸ் பாடல்களின் பல்லவி ஒலியிலிருந்து வந்த பெயர் என்பர். பொருளற்றது என்று ஒதுக்கப்பட்ட ஓர் அசை ஒரு காலத்துக்கே பெயராயிற்று.

இனி, இந்த விவாதத்தில் உண்மையாகவே இழப்புக்கு உள்ளானவர்களைச் சொல்ல வேண்டும். கார்ட்ஸ் குழுவின் ‘ஷ்-பூம்’ முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. ஆனால் அதே பாட்டை அதே ஆண்டில் பாடிய குரூ கட்ஸ் என்னும் கனடிய வெள்ளையர் குழு முதலிடத்தைப் பிடித்து வாரக்கணக்கில் அங்கே இருந்தது. 1956இல் வெளிவந்த ‘ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ பாடலைப் பாடிய ஃபிராங்கி லைமனுக்கு அப்போது வயது 13. பாட்டு உலகெங்கும் பரவியது. ஆனால் ஆசிரியர் பெயருக்குரிய இடத்தில் இசைத்தட்டு வணிகர்களின் பெயர்கள் ஏறின. லைமன் 1968இல், 25 வயதில், போதைப்பொருளுக்கு இரையானார். அவருடன் பாடிய ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் பாட்டு தங்களுடையது என்று வழக்காடினர். 1992இல் நடுவர் குழு அவர்களே ஆசிரியர்கள் என்று தீர்ப்பளித்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்பதே காரணம். ‘இவ்வளவு எளிய பாட்டை யார்வேண்டுமானாலும் எழுதலாம்’ என்ற பேச்சு வெறும் சுவை வேறுபாடாக நின்றுவிடுவதில்லை. யார்வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய பாட்டுக்கு யார்வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம் அன்றோ?

உரையை இங்கே நிறுத்திவிட்டு ஒரு பாட்டை ஒலிக்கச் செய்கிறோம். சிகாகோவின் ஃபிளமிங்கோஸ் குழு 1959இல் பாடிய ‘ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ’. ஹாரி வாரனும் அல் டூபினும் 1934இல் ஆக்கிய பழம்பாட்டு. முதல் முறை முன்னணிக் குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை ஒலிக்கும்போது அக்குரலை விட்டுவிட்டு, பின்னால் வரும் அசைகளை மட்டும் கேளுங்கள். பியானோ ஒரே தட்டலை மும்மூன்றாக அடுக்கிக்கொண்டே போவதையும் கவனியுங்கள். மூன்றாம் முறை எதைக் கேட்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறோம். அதன்பின் உங்கள் கேள்விகளை எதிர்பார்க்கிறோம்.